திருத்தம் பதினேழு

பக்கம் நாற்பத்தொன்றை எடுத்துவிடவும்.
புதியதைச் செருகவும். கையொப்பமிடவும்.
சிறகில் உறைபனி கரைகிற நேரத்தில்
ராவ்ட்னா கோப்பின் வளையங்களைத் திறக்கிறாள்.

ஓடுபாதை பத்து, இனி ஒன்பதாம்.
தார் நகரவில்லை. ஃபியோர்டும் அங்கேயேதான்.
காந்த வடக்கு மட்டும்
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தள்ளிப் போயிருக்கிறது.

பழைய தாளின் ஓரத்தில் அவளுடைய பென்சில்:
கிழக்கு முனையில் பனிமான்கள்.
சக்கரம் தொடும் முன் இடக்காற்று உதைக்கும்.
எழுதிய இரவில், பின்னால் படுக்கையில்
ஒருத்திக்குப் பிரசவ வலி.

திருத்தத்தில் மான்கள் இல்லை.

கையெழுத்துப் போட்டாள். எஞ்சினை முடுக்கினாள்.
"ஓடுபாதை ஒன்று பூஜ்யம், புறப்படத் தயார்."

கோபுரத்தில் தூர்லைஃப்
ஒரு மிடறு காப்பி அளவுக்குப் பேசவில்லை.
பிறகு, "பூஜ்யம் ஒன்பது."
"பூஜ்யம் ஒன்பது," என்றாள்.
பதினோரு வருஷப் பழக்கம்
காதுமடலில் சுட்டது.

பாதையின் தலையில் புது வெள்ளைக்கு அடியில்
பழைய ஒன்று இன்னும் மங்கலாய்த் தெரிகிறது.
பனிவாரி வண்டி விலகட்டும் என்றார்கள்.

முழங்காலில் புதிய தாள்.
பென்சில் முனையை நாக்கில் தொட்டு
முதலில் எழுதினாள்:
மான்கள்.