புள்ளிக்குக் காசில்லை

எழுத்துக்கு ஆறு ரூபாய்.
புள்ளிக்குக் காசில்லை என்றார்
காண்ட்ராக்டர் குலோத்துங்கன்.
கொம்பும் சுழியும்கூட எழுத்தோடு சேர்த்திதான்.

வில்லியனூர் தாண்டி, மங்கலம் தாண்டி,
கரும்பு லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கிக்
கீழூர் வந்துசேர ஒன்பது மணி.
ஆகஸ்டு பதினாறுக்கு இன்னும் ஐந்து நாள்.
பந்தல்காரர் ஒரு காலும் ஊன்றவில்லை.
கொடிமரத்தடியில் ஒரு நாய் மட்டும்
முன்வரிசையில் இடம் பிடித்திருந்தது.

பழைய பனியனை மண்ணெண்ணெயில் நனைத்துக்
கல்லைத் துடைத்தேன்.
ஓராண்டு மழை, ஓராண்டு காக்கை,
யாரோ ஆணியால் கீறிவிட்டுப் போன இதயம் ஒன்று,
அம்பு உட்பட.
அதற்கும் அடியில் பெயர்கள்.

ஐம்பத்துநாலு அக்டோபரில் ஒரு நாள்
நூற்று எழுபத்தெட்டுப் பேர்
இங்கே வந்து வாக்குப் போட்டார்களாம்.
நூற்று எழுபது பேர்
இந்தியாவோடு சேரலாம் என்றார்கள்.
எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள்.

எந்த எட்டு?
கல்லில் இல்லை.
ஒரே உளி, ஒரே உயரம், ஒரே ஆழம்.
என் தூரிகையும் எல்லாக் குழிக்குள்ளும்
ஒரே மாதிரிதான் இறங்குகிறது.
கறுப்பு ஒரே டப்பா.

பதினோரு மணிக்கு ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்தாள்.
கழுத்தில் ஜிப்மர் அடையாள அட்டை,
கண்ணில் நைட் டூட்டி.
செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்துக்
கழற்றாமலே படியேறினாள்.
"லூ. சவரிநாதன் எங்க இருக்கு?"
நான் இன்னும் அந்த வரிசைக்கு வரவில்லை.
விரலால் தடவித் தடவி அவளே கண்டுபிடித்தாள்.

"அப்பாவோட அப்பா.
பாரீஸ்ல பெரியப்பா வீட்ல
இவர் எட்டுல ஒருத்தர்.
லாஸ்பேட்டையில எங்க வீட்ல
நூத்தியெழுபதுல ஒருத்தர்.
பெரியப்பாவுக்குப் பிரெஞ்சு பென்ஷன்.
எங்கப்பா மில்லுல கொடியேத்தற ஆளு.
அவங்கவங்களுக்கு ஏத்த மாதிரி ஒரு தாத்தா."

"அவர் என்னதான் சொன்னார்?"

"கேட்டா வானத்தைப் பார்த்து
மழை வரும்போலன்னுவாராம்.
சாகுற அன்னிக்கும் அப்பா கேட்டாராம்.
ரசம் இருக்கான்னு கேட்டாராம்."

சிரித்தாள். நானும்.
பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

போன தேர்தலில்
கவர் கொடுத்தவர் வாசல்வரை கூடவே வந்தார்.
வாங்கியது வாங்கியதுதான்.
உள்ளே போய்
அட்டை மறைப்புக்குப் பின்னால்
வேறொரு பொத்தானை அழுத்தினேன்.
பீப் என்று சத்தம் கேட்கும்வரை
எனக்கு முதலாளி இல்லை,
கடன்காரன் இல்லை, சாதி இல்லை,
மச்சான்கூட இல்லை.
யாருக்கென்று இன்றுவரை
வீட்டில் சொன்னதில்லை.

பெயரைப் பார்த்தேன்.
கடைசி எழுத்தின் தலையில் கல் உதிர்ந்து
புள்ளி போயிருந்தது.
சவரிநாதன
என்று நின்றது,
சொல்ல வந்ததைச் சொல்லிவிடப்போகிற
வாய்போலத் திறந்து.

"எதாவது பண்ண முடியுமா?" என்றாள்.

குழியில்லாத வெறுங்கல்லில்
அணில்மயிர்த் தூரிகையின் நுனியால்
ஒரு பொட்டு வைத்தேன்.
மெய்யெழுத்தானது கடைசி எழுத்து.
பெயர் வாயை மூடிக்கொண்டது.

"மழைக்கு நிக்காதும்மா. வெட்டினது இல்ல, வெச்சது."
"அப்ப அடுத்த வருஷமும் வைங்க."

படம் எடுத்தாள்.
லாஸ்பேட்டைக்கும் பாரீசுக்கும் அனுப்பினாள்,
ஒரே படம்.
பதில் வருவதற்குள் போனை அணைத்துப்
பையில் போட்டுக்கொண்டு
வண்டியை உதைத்தாள்.

சாயங்காலம் குலோத்துங்கன் வந்து
பேனாவால் தொட்டுத் தொட்டு
எழுத்துகளை எண்ணினார்.
புள்ளிகளைத்
தாண்டித் தாண்டி.