இடது முழங்கால், இரண்டு கோணம்

பெயர்: யாவ் டொன்கோர்.
தகப்பனார் அல்லது கணவர் பெயர் என்ற கட்டத்தில்
ரிசப்ஷன் பிள்ளை
ஐஸ் பிளாண்ட் வியாகப்பன் என்று எழுதியிருக்கிறாள்.
கூட்டிவந்தவர் அவர்தான், பணம் கட்டியவரும்.
வயது: 27.

வண்ணார்பேட்டையில் மத்தியானம் மூன்று மணி.
கரண்ட் போய், ஜெனரேட்டர் இருமி,
மெஷின் மறுபடி கண் விழிக்கிற வரைக்கும்
மேஜைமேல் கிடந்தான்.
மேஜை அவனுக்குப் போதவில்லை.
குதிகால் இரண்டும் வெளியே தொங்கின.

ஈய எழுத்து ஒன்றை முட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
என்ன இது?
இடது, என்றேன்.
அது தெரியுமாம். நாலு மாசமாய்
உவரிக் கரையோரம் ஆடியதில் பொறுக்கிய சொற்கள்:
குடுலே. அடிலே. ஏறிப் போலே.
அப்புறம், பின்னால ஆளு.
அதை மட்டும் ஆறு பாஷையில் சொல்லிக் காட்டினான்.
வங்காளியில் கொஞ்சம் நீளம்,
பர்மாவில் ஒற்றை மூச்சு,
மலப்புறத்தில் கெட்ட வார்த்தை சேர்த்து.
பந்து எங்கே என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்,
முதுகுக்குத்தான் பாஷை வேண்டும் என்றான்,
எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான
ஓட்டை இங்கிலீஷில்.

அசையாதீங்க.
கண்ணாடிக்குப் பின்னால் போய் விசையை அழுத்தினேன்.

பதினாறு வருஷமாய் எலும்பு பார்க்கிறேன்.
பைபாஸில் பைக்கோடு விழுந்தவர்கள்,
பனையிலிருந்து விழுந்தவர்கள்,
பீடி சுற்றிச் சுற்றிக் கழுத்து மரத்தவர்கள்.
இத்தனை ஊர் ஏறி இறங்கிய காலைப் பார்த்ததில்லை.
பளீரென்று ஒரு திருகாணி:
சிட்டகாங். ஆபரேஷன் செலவைச் சம்பளத்தில் பிடித்தார்களாம்.
முட்டிக்குக் கீழே கூடிச் சேர்ந்த பழைய முறிவு:
மாண்டலே, மழைக்காலம்.
அந்த கிளப் இப்போது இல்லை.
மூட்டு விளிம்பெங்கும் உடைமுள் மாதிரி
குட்டிக் குட்டியாய் முளைத்திருந்தது.
இது எந்த ஊர் என்று கேட்டேன்.
யோசித்தான்.
ஊர் இல்லை, மணல்.

இருபத்தேழில் இப்படி முளைக்காது.
முப்பத்தைந்து. கூடவும் இருக்கலாம்.
நான் பார்த்துவிட்டதை அவன் பார்த்துவிட்டான்.
பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதென்று
இந்த எலும்புக்கு யாரும் சொல்லவில்லை, என்றான்,
சிரிக்காமல்.
ரிப்போர்ட் எழுதுவது டாக்டர். நான் படம் மட்டும்.
இருந்ததை இருந்தபடியே அடித்தேன்.
27.

வெளியே வியாகப்பன் கையில் நோட்டீஸ் கட்டு.
மின்னொளி ஆட்டம், அரையிறுதி, இரவு எட்டரை,
ஆப்பிரிக்கப் புலி களமிறங்குகிறது.
(எங்கள் பக்கம் புலியே கிடையாது,
அச்சடித்த பிறகுதான் கேட்டார்கள்.)
ஆட்டத்துக்கு மூவாயிரம், கோலுக்கு ஐநூறு.
உட்கார்ந்தால் சாப்பாடு.
டாக்டர் ஆறு மணிக்குத்தான் வருவார்.
திசையன்விளை தாண்டிப் போய்ச் சேர
ரெண்டு மணி நேரமாவது ஆகும்.
சும்மா சொல்லுங்க சிஸ்டர், ஓடுவானா?
டாக்டர் பார்க்கணும், என்றேன்.
மாதாவே, என்று சொல்லி டீ குடிக்க இறங்கினார்.

படத்தை உறையில் போடப் போனேன்.
உறை வேண்டாம் என்று வாங்கி
வராந்தா ஜன்னலில் தூக்கிப் பிடித்தான்.
வெள்ளை எலும்பைச் சுற்றியிருந்த கறுப்பு வழியே
சுலோசன முதலியார் பாலம் மங்கலாய்த் தெரிந்தது,
அதன்மேல் பஸ்கள்,
திருகாணியில் முட்டி நின்று, பிறகு நகர்ந்து.
ரொம்ப நேரம் பார்த்தான்.
ஆற்றையா காலையா, தெரியவில்லை.

படியில் செருப்புச் சத்தம்.
பந்தை ஒரு நாளும் தொட்டவளில்லை நான்.
பின்னால ஆளு, என்றேன்.

அவன் திரும்பவில்லை.
தோளைக் கொஞ்சம் சாய்த்து,
இடுப்பை நடுவில் கொடுத்து,
படத்தைச் சுருட்டிச் சட்டைக்குள் தள்ளிவிட்டான்.
பிறகுதான் வியாகப்பன் முகத்தைப் பார்த்தான்.

ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, என்றான்.

இந்தச் சொல்லை
எனக்கு அவன் சொல்லிக் காட்டியிருக்கவில்லை.