இடது கைக்கு ஒரு விரல் கூடுதல்

திரியெஸ்தேயில் போரா காற்று அடிக்கும் நாளில்
தொப்பி வைத்திருப்பவர்கள் வெளியே வருவதில்லை.
எனக்குத் தொப்பி இல்லை, விடுப்பு இருந்தது.

பழம்பொருள் சந்தையில் லிவியோவின் மேசை விரிப்பை
நான்கு கற்கள் பிடித்துக்கொண்டிருந்தன.
பெட்டிக்குள் ஒன்பது கைக்கடிகாரங்கள்,
ஒன்பதிலும் வேறு வேறு மணி.
ஐந்தாவதைத் தொட்டேன்.
தேநீர் சிந்திக் காய்ந்த தாளின் நிறம்,
எட்டுக்குப் பக்கத்தில் ஒரு கீறல்,
முதுகில் பொறித்திருந்தது:
‘பி.க்கு. இருபத்தைந்து ஆண்டுகள். 1958.’

"அந்தக் காலத்தில் ஆண்கள் கட்டியது," என்றான் லிவியோ.
"இப்போது எந்த ஆணும் வாங்குவதில்லை, சின்னதாம்.
பெண்கள் கைக்குத்தான் சரி."

கடிகாரம் வளரவும் இல்லை, தேயவும் இல்லை.
யாருடைய இழுப்பறையிலோ கிடந்தபடியே
அதற்குப் பால் மாறியிருக்கிறது.

இருநூற்று நாற்பது என்றான்.
நூற்றெண்பது என்றேன்.
காற்று ஒரு கல்லைக் கீழே தள்ளியது,
இருநூற்றைந்துக்கு இறங்கினான்.
தினமும் சாவி கொடுக்க வேண்டும்,
நாளுக்கு நான்கு நிமிடம் பின்தங்கும் என்பதையெல்லாம்
பணத்தை எண்ணி முடித்த பிறகு சொன்னான்.

எஜிதியோவின் தையற்கடை இரண்டாம் மாடியில்.
"கணவருக்கா?"
"இல்லை."
"மகனுக்கு?"
"எனக்கு."
வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்து
மேலங்கியில் குத்திக்கொண்டார். அவ்வளவுதான்.
"என்ன விசேஷம்?"
"செவ்வாய்க்கிழமை."

ரசீதில் ‘சிஞ்ஞோர்’ என்று ஆண்பாலில்
முன்பே அச்சடித்திருந்தது.
கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் பெண்பால்.
பேனா அந்த இடத்தில் நின்றது.
"சேர்க்கட்டுமா?"
"மை மிச்சமாகட்டும்," என்றேன்.
எழுதினார்: நிவெஸ் கொச்சான்சிச்,
சாம்பல் நிறக் கம்பளித் துணி, இரு பொத்தான்.

அளவு நாடா முதுகில் குறுக்கே போனது,
திரும்பவும் போனது.
"வலது தோள் ஒரு சென்டிமீட்டர் இறக்கம்."
"துறைமுகத்தில் கிரேன். இருபத்திரண்டு வருடம்."
"பஞ்சு வைத்தால் தெரியாது. மறைக்கவா, விடவா?"
"மறையுங்கள்.
வேலை நாளில் தெரிவது போதும்."

பிறகு கால்சட்டைப் பை எவ்வளவு ஆழம் என்றார்.
இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.
கடைகளில் எனக்கு விற்றதெல்லாம்
பை மாதிரி தைத்த பொய்கள்.
கையை இடுப்போரம் தொங்கவிட்டு
மணிக்கட்டைக் காட்டினேன்: "இது வரைக்கும்."

"கடிகாரம் எந்தக் கை?"
"இடது."
"அப்படியானால் சட்டையின் இடது கைப்பட்டி
ஒரு விரல் அகலம் கூடும். வலது கூடாது.
வெளியே பார்ப்பவருக்குத் தெரியாது."
வாங்கிவந்ததை எடுத்துக் காட்டினேன்.
மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு
"இதற்கு அரை விரலே போதும்" என்றார்.
முழு விரல் வையுங்கள் என்றேன்.
ஏன் என்று அவரும் கேட்கவில்லை,
எனக்கும் தெரியாது.

ஆறு வாரம். இரண்டு முறை வெள்ளைத் தையலோடு
ஒற்றைக் கை மட்டும் பொருத்திய கோட்டில்
கண்ணாடி முன் நின்றேன்.
இரண்டு முறையும் நான்கு நிமிடம் தாமதமாகப் போயிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை எல்லாவற்றையும் அணிந்து
மீன் கடைக்குப் போனேன்.
மீன்காரி புரூனா தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.
"யார் செத்தது?"
"யாருமில்லை. அரைக் கிலோ மத்தி."
"தலையை எடுக்கவா?"
"எடு."

பனிக்கட்டித் தண்ணீர் படாமல் இருக்க
இடது கையை மேலே தூக்கினேன்.
கைப்பட்டி தானாகச் சரிந்து கடிகாரம் வெளியே வந்தது:
ஒன்பது மணிக்கு நான்கு நிமிடம் இருந்தது.
தேவாலயத்தில் ஒன்பது அடித்துக்கொண்டிருந்தது.