வாசலில் ஏழெட்டு

ராயபுரத்தில் விடியற்காலை பிறந்த ஒரு பையனின்
தொப்புள்கொடி
ஐஸ் பெட்டியில், என் மடியில்,
பறக்கும் ரயிலில் தரமணிக்கு வருகிறது.
எதிர் இருக்கைக்காரர் "மீனா?" என்றார்.
ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

சம்மதத் தாளில் ஷமீமாவின் கையெழுத்து
கடைசி எழுத்தில் சறுக்கியிருந்தது,
ஊசி குத்திய கையால் போட்டதாம்.

சிரையைக் கழுவி, நொதி ஊற்றி, உள்சுவரை உரித்தால்
கூழாங்கல் பாவியதுபோல் ஒற்றை அடுக்குச் செல்கள்.
ரத்தம் உரசிப் போகும் சுவர்.
அழற்சியின் சேதி அந்த வழியாகத்தான் வரும்.
அதைக் கேட்கும் ஏற்பிகள்
வாசலில் இல்லாமல் வேறெங்கே இருக்கும்?
அப்படித்தான் நோட்டில் வரைந்திருந்தேன்,
செல்லைச் சுற்றிப் பச்சைப் புள்ளிகள்
கல்யாண மண்டபத்துச் சீரியல் விளக்குப்போல.

மூன்றாம் வாரம், இரவு பதினொன்றரை.
கரண்ட் போய் வந்த எரிச்சலில் யுபிஎஸ் முனகுகிறது.
லேசர் தட்டுத் தட்டாகக் கீழே இறங்குகிறது.
விளிம்பெல்லாம் இருட்டு.
உட்கருவை ஒட்டிய ஒரு மூலையில், கோல்கை உறுப்பில்,
மொத்தப் பச்சையும் மடித்து வைத்துக் கிடக்கிறது.

"ஆன்டிபாடி கெட்டுப்போச்சு. திரும்பப் போடு."
அருளப்பன் சாருக்குக் கெடாத ஆன்டிபாடியே கிடையாது.
போட்டேன்.
வேறு பாட்டில். வேறு கொடி, புளியந்தோப்புப் பெண் குழந்தையுடையது.
அதே மூலை.

சனிக்கிழமை கோடவுன் தெருவில்
ஜன்னல் திரைக்குத் துணி கேட்டேன்.
கடை முகப்பில் தொங்கியது நாலு துண்டு.
பையன் மாடிப்படியைப் பார்த்துக் கத்தினான்,
மேலே இருட்டிலிருந்து கட்டுக் கட்டாக விழுந்தது.
அங்கேயே நின்று சிரித்துவிட்டேன்.
விலையைக் கேட்டுச் சிரிக்கிறேன் என்று
சேட்டு மீட்டருக்குப் பத்து ரூபாய் குறைத்தார்.

உவமை பாதிதான் பொருந்துகிறது.
செல்லுக்குள் யார் கத்துகிறார்கள்,
கட்டு எப்போது இறங்கும்,
இறங்குமா என்றே எனக்குத் தெரியாது.
தெரிந்தது இவ்வளவு:
வாசலில் நிற்கும் ஏழெட்டுக்கு
ஒரு துளி சேதி காட்டினேன்.
நாலு மணி நேரத்தில் சுவர் முழுக்க
வெள்ளணுவைப் பிடித்து நிறுத்தும் கைகள் முளைத்துவிட்டன.

பெயர் எழுதக் கூடாது. மாதிரி எண் இருபத்து மூன்று.
கிண்ணத்தை அடைகாப்புப் பெட்டிக்குள் வைக்கும்போது
நாட்களை எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தைந்து.
இன்று அவனுக்கு முதல் தடுப்பூசி.
ராயபுரத்தில் இந்நேரம்
தொடையில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்திருக்கும்,
தொட்டால் சுடும்,
அழுதுகொண்டிருப்பான்.