அண்டி ஆபீசில் ஒரு மதியம்

சாக்கில் அச்சடித்த ஊர் முத்வாரா.
கருங்கல் அண்டி ஆபீசில்
தையல் பிரிக்கிறாள் டெல்பின்பாய்.

அருஷாவில் பேரவை கூடியிருக்காம்.
கிழக்காப்பிரிக்கா எட்டு நாட்டுக்கும்
ஒரே சுங்கம், ஒரே நாணயம்,
பிறகு எப்பவாவது ஒரே கொடி.
கணக்கர் வின்ஸ்லால் போனைப் பார்த்து வாசிக்கிறார்:
தீர்மானம் அடுத்த அமர்வுக்கு.

"அப்போ கொட்டை விலை?"
"ஏறலாம். இறங்கலாம்."
"கூலி?"
கண்ணாடியைத் துடைக்கிறார்.

பஸ்ஸில் ஒரு மணிக்கூர் போனால் களியக்காவிளை.
தாண்டினால் இதே கொட்டைக்கு
வேறே கூலி.

கறை தின்ற விரலில் ரேகை இல்லை.
ரேஷன்கடை எந்திரம்
நேற்றும் அவளை அறியவில்லை.

முத்வாராவில் மரத்தடியில் பொறுக்குகிறவளே,
ஒரே அடையாள அட்டை வருமாம் உனக்கு.
அதுவரை
கொட்டையை உடைக்காமலே அனுப்பு.
விரல் இருக்கட்டும்.