பிணைச்சலடி

பல்ப் மாற்றியாச்சு. பியூஸ் நல்லம்.
நம்பர் பிளேட் லைற் மட்டும்
மாங்குளத்தில் எரியும், முறிகண்டியில் நூரும்,
பரந்தனில் பொலிசுக்கு முன்னால்
ஒருநாளும் எரியாது
என்கிறார் கனிசியஸ்.

டிக்கி மூடியை உயர்த்தினேன். எரிந்தது.
இறக்கினேன். இல்லை.
அப்ப இது பிணைச்சலடி வருத்தம்.

கறுப்பு றப்பர்க் குழாயைப் பின்னுக்கு உருவ
ஐந்து வயர். ஐந்துக்கும் தோல் முழுசு.
மண்ணிறத்தை மட்டும் இழுக்க
சவ்வுமிட்டாயாய் நீண்டது.
உள்ளே, மீன்பெட்டித் தண்ணி குடித்த பச்சைத் தூள்.
மிச்சம் ரெண்டு இழை.

"ஆர் இதை இவ்வளவு தரம் திறந்தது?"

அவர் ஏ-ஒன்பதைப் பார்த்தார்.
"நான் திறந்தது கொஞ்சம்.
ஓமந்தையில ஒருக்கா, புளியங்குளத்தில ஒருக்கா,
போகேக்க, வரேக்க.
மீனைக் கிளறினாங்கள்,
ஸ்ரெப்னியைத் தட்டினாங்கள்,
அடிச்சு மூடினாங்கள்."

செம்பு மினுங்குமட்டும் சுரண்டி
ஒரு சாண் புதுவயர் சேர்த்து ஈயம் வைத்தேன்,
மடங்க இடம் விட்டு,
கொஞ்சம் தொய்வாய்.

"மூடிப் பாருங்கோ."
மூடினார். எரிந்தது.
திறந்தார். எரிந்தது.

பிறகும் ஒருக்கா,
ஆரும் சொல்லாமலே,
திறந்தார்.