நிலுவை

புதுவயல் அரிசி ஆலையில்
எனக்கு இரண்டு பாக்கிப் புத்தகம்.
ஒன்றில் தேவகோட்டை, அறந்தாங்கி, திருவாடானைக் கடைக்காரர்கள்.
இன்னொன்று கைபேசிக்குள்.
அமெரிக்காவில் முனைவர் படிப்புக்குப்
பரிந்துரைக் கடிதம் தரவேண்டிய மூன்றே பேர்:
சோலையப்பன் சார், நிலுவை.
நஸ்ரின் மேடம், நிலுவை.
ஞானதிரவியம் சார், நிலுவை.

கடைக்காரர்களை மிரட்டலாம்.
"அடுத்த லோடு ஏறாதுண்ணே" என்றால்
சாயங்காலத்துக்குள் பணம் வந்துவிடும்.
பேராசிரியர்களிடம் நிறுத்தி வைக்க
என்னிடம் என்ன லோடு இருக்கிறது?

முதல் மடலில் தாழ்மையுடன் கேட்டிருந்தேன்.
இரண்டாவதில், நினைவூட்டலுக்கு மன்னிக்கவும்.
மூன்றாவதை எழுதி எழுதி அழித்ததில்
மன்னிக்கவும் மட்டும் மிஞ்சியது.
விசைப்பலகை இடுக்கில் தவிடு.
ஊதினேன்,
பறந்துபோய்த் திரையில் உட்கார்ந்தது.

மேடத்துக்கு நீலக் குறி விழுந்து ஒன்பது நாள்.
நேற்று அவர் ஸ்டேட்டஸில் பிரியாணி அண்டா.
யாருக்கோ நிச்சயம். நல்லா இருக்கட்டும்.
பெரிதாக்கிப் பார்த்தேன்:
வலது கையில் கரண்டி,
இடது கையில் கைபேசி.

சோலையப்பன் சாரைக் காரைக்குடிச் சந்தையில் கண்டேன்.
கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்
காம்போரம் ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.
என் அளவீடுகளையும் இப்படித்தான் பார்ப்பார்.
கருவாட்டுக் கடைப் பக்கம் ஒதுங்கினேன்
கடன்காரனைக் கண்டவள் போல.
தரவேண்டியவர் அவரல்லவா?
"ஏம்மா ஒளியிறே?
ஒன் லெட்டர் ஞாபகத்துல இருக்கு.
நீயே ஒண்ணு எழுதி அனுப்பு,
பாத்துட்டுப் போட்டுர்றேன்."

அன்றிரவு
நான் அவராக உட்கார்ந்தேன்.
'இம்மாணவியை மூன்றாண்டுகளாக அறிவேன்.'
அறிவாரா?
துத்தநாகத் தகட்டில் பூத்த வெள்ளைத் துருவைப் பார்க்கக்
கரண்ட் போன ஆய்வகத்தில்
எட்டு மணிவரை டார்ச்சோடு நின்றது தெரியாது.
குடுவையை உடைத்துவிட்டுப்
பக்கத்து மேசைக்காரியைப் பார்த்தேனே,
அதுவும் தெரியாது.
'சிறந்த' என்று எழுதினேன். கூசியது.
'மிகச் சிறந்த' என்று போட்டால்தான் அங்கே
பரவாயில்லை என்று படிப்பார்களாம்.
காது சுட,
'மிக' சேர்த்தேன்.
நம்பும்படி ஒரு குறையும் வேண்டுமாம்.
'சற்றே பொறுமை குறைந்தவர்.'

மூட்டை தூக்கும் அடைக்கலம் அண்ணன்
மறுநாள் வாசலில் நின்றார்,
துண்டைத் தோளிலிருந்து எடுத்து
மறுபடி அங்கேயே போட்டு.
"பாப்பா, அந்த லெட்டரு..."
கூட்டுறவு வங்கிக் கடனுக்கு,
இந்த ஆலையில் பதினோரு வருடம் என்று
இரண்டு வரி.
தீபாவளிக்கு முன்னால் கேட்டது.
மேசைக் கண்ணாடிக்குக் கீழே அவர் ஆதார் நகல்
இத்தனை நாளும் என்னைப் பார்த்துக்கொண்டு.
நாலு நிமிடம் ஆனது.
மை தொட்டு முத்திரையை அழுத்தினேன்.
அவர் 'மிக' எதுவும் கேட்கவில்லை.
ஊதிக் காயவைத்து, மடிக்காமல்
சட்டைக்குள் வைத்துக்கொண்டு
தூறலில் போனார்.

கெடு, அங்கே பதினைந்தாம் தேதி நள்ளிரவு.
இங்கே விடிந்தால் மார்கழி, காலை பத்தரை.
நாலரைக்கே கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிட்டது.
ஐந்துக்குப் பார்த்தேன். ஏழுக்கும்.
ஆலைக்கு வந்து நெல்லுக்கு ஈரப்பதம் பார்த்தேன்.
பதினேழு. இன்னும் காயணும்.

மேடம் ராத்திரி இரண்டு மணிக்கு அனுப்பிவிட்டார்.
சாருடையதும் வந்துவிட்டது.
எதை வெட்டினார், எதை விட்டார்,
'மிக' தப்பியதா என்று பார்க்க முடியாது.
பார்க்கும் உரிமை வேண்டாமென்று
நானேதான் டிக் அடித்திருக்கிறேன்.

ஞானதிரவியம் சார்
பத்து இருபதுக்கும் நிலுவை.
களத்தில் தார்ப்பாயை விலக்குகிறார்கள்,
அடியில் தேங்கிய நீர் சரிந்து ஓடுகிறது.
ஃபோன் அடிக்கிறது. பாய்ந்து எடுக்கிறேன்.
தேவகோட்டைக் கடைக்காரர்.
பணம் நாளைக்கு, சத்தியமாக நாளைக்கு என்கிறார்.
"சரிண்ணே, லோடு ஏறட்டும்" என்கிறேன்,
கண்
பத்து இருபத்தாறில் இருக்கிறது.